ஏதென்ஸ் நாடுகடத்தப்பட்ட ஞாயிறு

"எல்லாரும் வந்தாச்சா? குறிச்சுக்கறேன். ஜன்னல் பக்கம் ஸ்பார்ட்டா. கதவுப் பக்கம் தீப்ஸ். சுவர் பக்கம் கொரிந்த், அதாவது நான். இடது ஓரத்துல ஏதென்ஸ்."

"அவரை மட்டும் அந்த ஓரத்தை விட்டு நகர்த்தாதீங்க," என்றார் தீப்ஸ். "போன வாரம் நடுவுல உக்காந்து, எதுக்கும் முந்திக்கிற அந்த இடது கையை வீசினார். என் குதிரைப்படை மொத்தமும் டீயில குளிச்சுது."

பல் மருத்துவமனைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதன் காத்திருப்பு அறையில், பல் தேய்க்கும் முறையைக் காட்டும் படத்துக்குக் கீழே, போர் விளையாட்டுக்கான பழைய கிரேக்க நாட்டு வரைபடம் ஒரு மேஜையளவுக்கு விரிந்து கிடந்தது. நகரத்துக்கு ஓர் ஆள். பல் டாக்டரம்மா ஸ்பார்ட்டா. பேக்கரிக்காரர் தீப்ஸ். மூக்குக்கண்ணாடிக் கடையை விற்றுவிட்டு ஓய்ந்திருப்பவர் ஏதென்ஸ். தீப்ஸின் அக்கா புருஷன். காப்பீட்டு அலுவலகத்தில் கடிதம் எழுதியே தலை நரைத்த கொரிந்த், ஏதென்ஸோடு ஒரே பெஞ்சில் படித்தவர். இந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் வேறு பெயர் கிடையாது.

சட்டமும் அந்தக் காலத்துச் சட்டம்தான். வருஷத்துக்கு ஒரு முறை, உடைந்த பானைச் சில்லில் பெயர் எழுதி ஓர் ஆளை ஊரை விட்டே அனுப்பலாம். அங்கே பத்து வருஷம். இங்கே பத்து வாரம். மூன்று சில்லில் ஒரே பெயர் வந்துவிட்டால் மறுபேச்சு இல்லை. போன வருஷம் தீப்ஸ், பேக்கரியை மனைவியிடம் விட்டுவிட்டு, மாமியார் வீட்டில் பத்து வாரம் முறுக்காத மீசையோடு இருந்துவிட்டு வந்தார்.

இந்த வருஷம் கொரிந்தின் குறி ஏதென்ஸ் மேல். காரணம் ஆட்டத்துக்கு வெளியே இருந்தது. ஏதென்ஸின் ஒரே மகள் வெளியூரில் நிறைமாசமாக இருக்கிறாள். "அப்பா வருவாரா மாமா?" என்று தீப்ஸுக்கு ஓயாமல் போன். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு ஏதென்ஸ் இதே அறையில் சத்தியம் செய்திருந்தார்: "யாராவது என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாலொழிய அவ வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்."

ஊரை விட்டுத் தள்ளினால் அவருக்குப் போக்கிடம் அந்த ஒரு வீடுதான்.

கொரிந்தும் தீப்ஸும் பேசிவைத்துக்கொண்டார்கள். மூன்றாவது சில்லுக்காக டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே கெஞ்சியும் பார்த்தாயிற்று.

"முடியாது சார்," என்று சொல்லிவிட்டிருந்தார் அவர். "அவர் கப்பல்படையை நான் மோதி ஜெயிக்கணும். ஆளை அனுப்பிட்டு ஜெயிக்கறது மரத்துப்போன வாயில பல்லு பிடுங்கற மாதிரி. அது என் தொழில். ஞாயித்துக்கிழமையுமா?"

கொரிந்த் உடைந்த பூந்தொட்டியின் சில்லுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும்டா," என்றார் ஏதென்ஸ். "என் கப்பலெல்லாம் உன் துறைமுகத்து வாசல்ல நிக்குது. அந்தப் பயத்துல என்னை அனுப்பப் பார்க்கறே."

"பயமா? எனக்கா?"

"பின்னே? நான் இங்கேருந்து ஒரு அடி நகர மாட்டேன். மூடி மறைக்க மாட்டேன், என் சில்லுல உன் பேருதான்."

"ஒரு நடை போய் மகளைப் பார்த்துட்டு வாங்களேன் அத்தான்," என்றார் தீப்ஸ் மெதுவாக.

"ஏதென்ஸுக்கு மகள் கிடையாது மச்சான். கப்பல்தான் உண்டு."

தீப்ஸ் பேச்சை மாற்றினார். "இந்தத் தடவை புதுச் சட்டம். எல்லாரும் இடது கையாலதான் எழுதணும். இல்லேன்னா கையெழுத்தைப் பார்த்துட்டு வருஷம் பூரா சண்டை."

பல் பிடுங்கிப் போடும் தட்டில் சில்லுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கொரிந்த் எடுத்துப் படித்தார்.

"கொரிந்த்."

ஏதென்ஸ் கைதட்டிச் சிரித்தார்.

"ஏதென்ஸ். அடுத்ததும் ஏதென்ஸ்."

கொரிந்த் கடைசிச் சில்லைத் திருப்பினார்.

"ஏதென்ஸ்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ஏதென்ஸ் எழுந்தார். "டாக்டரம்மா! எதிரியா இருந்தாலும் நேர்மையான எதிரின்னு நினைச்சேன்!"

டாக்டரம்மா சில்லுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. சட்டம்னா சட்டம். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டீங்க. நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, நானா போகலை. நீங்க தள்ளினீங்க!"

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. பஸ் டிக்கெட் எடுத்துத் தர தீப்ஸ் பின்னாலேயே ஓடினார்.

நாடுகடத்தும் ஆணையை, அடைக்கலம் தரப்போகும் ஊருக்கு முத்திரையிட்டு அனுப்ப வேண்டியது கொரிந்தின் பொறுப்பு. அவர் நிதானமாக எழுதி, மடித்து, மகளின் முகவரி எழுதிய உறைக்குள் வைத்தார்.

"ரொம்ப நன்றி டாக்டரம்மா. கடைசி நேரத்துல மனசு இளகிட்டீங்க." அந்தக் கடைசிச் சில்லை விரலால் தட்டிக் காட்டினார். "அதுவும் இடது கையில என்ன முத்து முத்தான எழுத்து!"

"அது என்னோடது இல்ல." கோணல்மாணலாக 'கொரிந்த்' என்று எழுதியிருந்த சில்லை டாக்டரம்மா அவர் பக்கம் தள்ளினார். "இதுதான் என்னோடது. உங்க துறைமுகத்து மேல எனக்கும் ஒரு கண்ணு உண்டு, சார்."

கொரிந்த் முத்து எழுத்துச் சில்லைப் பார்த்தார். மேஜையின் இடது ஓரத்தில், விழுந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு மெழுகை உருக்கி உறையின் மேல் விட்டு, முத்திரையை அழுத்தி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.