மணி உருகிய கல்

விண்ணிலிருந்து விழுந்த இரண்டு கற்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய சீவல் அறுத்து, ஆய்வாளர் நப்பின்னை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒலிவைன், பைராக்சீன் என்ற கனிமங்கள், கொஞ்சம் இரும்பு. இரும்பின் அளவுகூட ஒன்றுதான்.

"ஒரே தாய்க்கல்லு உடைஞ்சு வந்த பிள்ளைங்கதான்," என்று முணுமுணுத்தாள்.

முதல் கல்லுக்குள் உருண்டை உருண்டையாகக் கல்மணிகள் தெளிவாகத் தெரிந்தன. சூட்டில் மாறாத வகைக்குரிய எண்ணான 3 என்று அதற்குச் சீட்டு ஒட்டி, கண்ணாடிப் பேழையில் வைத்தாள். மற்றதில் மணிகள் வெந்து, ஒன்றோடொன்று கலந்து, இருந்த தடமே மங்கிப் போயிருந்தது. நன்றாக வெந்த வகைக்குரிய 6 என்று அதற்கு ஒட்டி, அடித்தட்டில் தள்ளிவிட்டாள்.

அவள் சாப்பிடப் போனதும் மூன்று என்ற கல் குரல் கொடுத்தது. "ஏய், உன் மணியெல்லாம் எங்க?"

"அம்மா சூட்டுல கரைஞ்சுபோச்சு," என்றது ஆறு. "நான் அவ நெஞ்சுக்குப் பக்கத்துல கிடந்தேன். உனக்கு எப்படி ஒண்ணும் கெடல?"

"நான் அவ மேல்தோல்ல ஒட்டிக்கிட்டு இருந்தேன். ஒரே குளிர்."

மதியம் பார்வையாளர்கள் வந்தார்கள். "பிறந்தப்ப இருந்த மாதிரியே இருக்கு பாருங்க. துளிகூடக் கெடாத கல்!" என்று நப்பின்னை மூன்றைக் காட்டினாள். எல்லோரும் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று வியந்தார்கள். அடித்தட்டை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தது. மூன்று, கீழ்நோக்கி மெல்லக் கேட்டது.

"அண்ணா... அம்மா சூடு எப்படி இருக்கும்?"