எழுநூற்றுக்கு மேல்

“உன் அண்ணன் பண்ணின காரியத்தை வந்து பாரு!”

கணவன் போட்ட சத்தத்தில் அவள் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். வேன் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. கழற்றிய சூட்டு மீட்டர் வயரோடு அவன் கையில் தொங்கியது.

“பின்னாடி சீல் பிஞ்சிருக்கு. உள்ளே கைவச்சிருக்காரு.”

வண்டியைக் கொடுப்பதற்கு முந்தின நாள், அண்ணன் அந்த மீட்டரை மடியில் வைத்து நோண்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, “மாப்பிள்ளைகிட்ட சொல்லாதே” என்று மட்டும் சொன்னார்.

அது அண்ணன் தன் கையாலேயே டர்போ மாட்டி, பம்பைத் திருகி டீசலைக் கூட்டி, வேகம் ஏற்றிய பழைய வேன். டீசல் கூடினால் புகையின் சூடும் கூடும். அளவு மீறினால் பிஸ்டனே உருகிவிடும். அதற்காகத்தான் புகைக்குழாயில் துளை போட்டு மீட்டர் வைத்திருந்தார். எழுநூறு டிகிரியைத் தாண்டினால் எண் சிவப்பாகும். உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

எடுத்துவிடுவேன் என்று கணவன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

“சூட்டைக் குறைச்சுக் காட்டுற மாதிரி மாத்தியிருக்காரு. வெந்துபோன இன்ஜினை என் தலையில கட்டிட்டாரு!”

“அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லைங்க.”

“மெக்கானிக் வரட்டும். மீட்டர் பொய்னு தெரிஞ்சுது, அப்புறம் நீ அந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. ஆமா!”

மெக்கானிக் வந்தார். தன்னுடைய மீட்டரையும் பக்கத்தில் மாட்டி, வண்டியை மேம்பாலம் வரை ஏற்றி இறக்கிக்கொண்டு வந்தார். தலையைச் சொறிந்தபடி இறங்கினார்.

“மீட்டர் பொய்தாண்ணே சொல்லுது. நூறு டிகிரி வித்தியாசம்.”

கணவன் அந்த நிமிடமே போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

“மச்சான், மீட்டரை மாத்தினது நீங்கதானே?”

“ஆமா மாப்பிள்ளை. நான்தான்.”

அவள் வேனின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“கேட்டியா? அவர் வாயாலேயே சொல்லிட்டாரு! கூடப்பிறந்தவ ஏறுற வண்டியாச்சேன்னுகூடப் பார்க்கலை!”

“அண்ணே, பொறுங்க. என்னை எங்கே முடிக்க விட்டீங்க?” என்றார் மெக்கானிக். “குறைச்சுக் காட்டலை. நூறு டிகிரி கூட்டிக் காட்டுது.”

“கூட்டியா? எதுக்கு?”

“எனக்கும் புரியலை. நான் ஓட்டினப்போ சிவப்புக்குப் போகலை. மாத்தினப்புறம் போன உச்ச சூடு இதுல பதிஞ்சிருக்கும், பாருங்க.”

பொத்தானை அமுக்கினார். 780. சிவப்பில் பளிச்சென்று வந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பானட்டைப் பார்த்தான்.

“என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினீங்களே!”

“நூறைக் கழிச்சா அறுநூத்தி எண்பது. தப்பிச்சுது” என்றார் மெக்கானிக். “மீட்டர் மட்டும் நிஜத்தைச் சொல்லி, நீங்க அதே 780 வரை மிதிச்சிருந்தா, இந்நேரம் பிஸ்டனைக் கரண்டியாலதான் வழிச்சிருக்கணும்.”

அணைக்க மறந்த போனிலிருந்து அண்ணனின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை... உங்க காலைப் பத்தி எனக்குத் தெரியும். பக்கத்து சீட்டுல உட்காரப் போறது என் தங்கச்சியாச்சே!”