பத்தைத் தாண்டாத ஆள்

“பத்து!” என்று கத்தினார் ஸ்டோர்கீப்பர்.

வட்டமாக நின்ற மற்ற ஒன்பது பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

“சார், பத்துன்னு வாயால சொல்லக்கூடாது. அஞ்சு, பத்து, பதினஞ்சு வந்தா கை தட்டணும். விளையாட்டே அவ்வளவுதான்!” என்றார் பயிற்சியாளர். கழுத்தில் விசில். முகத்தில் காலையிலிருந்து கழற்றாத சிரிப்பு.

“ஐயையோ, மறந்துட்டேன் தம்பி.”

விசில் ஒலித்தது. “தப்பு பண்ணினவருக்கு அடுத்து நிக்கிறவங்க மறுபடியும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க. முப்பது வரைக்கும் போனாத்தான் சாப்பாடு!”

அடுத்து நின்றவள் திங்கட்கிழமைதான் வேலையில் சேர்ந்த பெண். புதுசு என்பதால் முதல் தடவையும் அவளைத்தான் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள்.

“ஒண்ணு” என்றாள், கணீரென்று.

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. ஆட்களுக்குள் ஒற்றுமை போதவில்லை என்று முதலாளிக்குத் திடீரென்று ஞானோதயம் வந்ததன் பலன், இந்த ஒரு நாள் பயிற்சி முகாம். காலையிலிருந்து பலூன் ஊதி வெடித்தாயிற்று. யானை மாதிரி ஆடி ஆடி நடந்தாயிற்று. இதெல்லாம் மூளையைத் தட்டி எழுப்புமாம், புதுப்புது யோசனையாக வந்து கொட்டுமாம். மேலாளருக்கு இதுவரை வந்த ஒரே யோசனை, பின்வாசல் வழியாக நழுவிவிடலாமா என்பதுதான்.

ஆனால் நழுவ முடியாது. அவர் சட்டைப்பையில் முதலாளி கொடுத்த படிவம் இருந்தது. இரண்டே கேள்வி. ‘குழு உணர்வு மிக்கவர் யார்?’ ‘குழு உணர்வு அறவே இல்லாதவர் யார்?’

முதல் கேள்விக்கு எதிரே, காபி இடைவேளையிலேயே தன் பெயரை எழுதிவிட்டார். இரண்டாவது காலியாக இருந்தது. அதில் பெயர் விழுந்தால் அந்த ஆளுக்கு இந்த வருஷம் பதவி உயர்வு கிடையாது. ஏழு வருஷமாகத் தள்ளிப்போன பதவி, ஸ்டோர்கீப்பருக்கு இப்போதுதான் கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தது.

எண்ணிக்கை சுற்றி வந்தது.

“ஒன்பது” என்றார் மேலாளர். அடுத்து ஸ்டோர்கீப்பர். ஒரு தட்டு தட்டினால் போதும்.

அவர் மூன்று தட்டு தட்டினார்.

விசில். மறுபடியும் புதுப்பெண்ணிடமிருந்து “ஒண்ணு.”

அந்தச் சுற்றில், சரியாக அவர் முறை வந்தபோது ஸ்டோர்கீப்பருக்குத் தும்மல் வந்தது. அதற்கடுத்த சுற்றில் கம்பீரமாக “எட்டு” என்றார்.

“எட்டா? நான் இப்பதான்யா ஒன்பது சொன்னேன்!” மேலாளருக்குப் பசியில் காது அடைத்தது. “லாரி நிறைய சரக்கை ஒரே பார்வையில எண்ணிச் சொல்ற ஆளு, பத்துல வந்து படுத்துக்கறீங்களே!”

“அது பெட்டி சார். பெட்டி என்னைக் கை தட்டச் சொல்லாது.”

“சரி சார், நீங்க கொஞ்சம் இடம் மாறி நில்லுங்களேன்” என்று கெஞ்சினார் பயிற்சியாளர்.

“முழங்கால் பிடிச்சுக்கிச்சு தம்பி. நகர முடியாது.”

யானையாக நடந்தபோது பிடிக்காத முழங்கால்! மேலாளர் பல்லைக் கடித்தார். “நல்லா இருக்குய்யா. பாவம், அந்தப் பொண்ணு ‘ஒண்ணு, ஒண்ணு’ன்னு சொல்லியே தேஞ்சு போகுது!”

புதுப்பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது தடவையும் பத்திலேயே கவிழ்ந்தது. பயிற்சியாளரின் சிரிப்பு ஒருவழியாகக் கழன்றது. “போகட்டும் ஃப்ரெண்ட்ஸ்... பத்து வரைக்கும் வந்ததே பெரிசு. சாப்பிடப் போங்க.”

எல்லாரும் ஸ்டோர்கீப்பரை முறைத்துக்கொண்டே கை கழுவப் போனார்கள். மேலாளர் மட்டும் நின்று, படிவத்தை எடுத்து, இரண்டாவது கேள்விக்கு எதிரே ஸ்டோர்கீப்பரின் பெயரை எழுதினார். அழுத்திய அழுத்தில் தாள் கிழியாதது அதிசயம்.

சாப்பாட்டுக்குப் பிறகு, ‘நாம் ஒன்று’ என்று அச்சடித்த டீ-ஷர்ட்டுகள் ஒரு பெட்டி நிறைய வந்திறங்கின. ஸ்டோர்கீப்பர்தான் தூக்கிவந்து வைத்தார். புதுப்பெண் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு மற்ற ஒன்பது பேருக்கும் கொடுத்து முடித்தாள்.

“மிச்சம் எத்தனைம்மா?” என்று மேலாளர் மைக்கிலேயே கேட்டார். அறை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

அவள் குனிந்து எண்ணினாள். நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

“ப... ப... ப...”

உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது.

“ப...”

மூலையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பர் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

“பதினொண்ணு சார்! மிச்சம் பதினொண்ணு!”

மேலாளர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். வட்டத்தில் பத்துப் பேர். அவள் ‘ஒண்ணு’ சொன்னால், பத்தாவது ஸ்டோர்கீப்பர். அவர் மட்டும் ஒழுங்காகக் கை தட்டியிருந்தால் அடுத்தது அவள். அவள் சொல்லவேண்டியது...

திங்கட்கிழமை ஸ்டோர் வாசலில், எந்தப் பிரிவு என்று கேட்டதற்கு அவள் ‘பேக்கிங்’ என்று சொல்லமுடியாமல் திணறியது நினைவுக்கு வந்தது. “என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தது யார் என்பதும், அப்போது ஸ்டோர்கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தன.

மேலாளர் மைக்கைக் கீழே வைத்தார். படிவத்தை எடுத்தார்.

இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டு, இடம் மாற்றி எழுதினார்.