ஆளில்லாத மேடை

காரைக்கால் வீட்டின் பின்னறையில் இருந்தபடியே, கணினித் திரை வழியே எந்திரத்தை இயக்கி, செல்வமேரி மொசாம்பிக் கடலில் எரிவாயுக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தாள். அங்குள்ள மேடையில் மனிதர் எவரும் இல்லை.

அன்று காலை கேமராவில் ஒரு சிறு படகு தெரிந்தது. மேடையின் காலில் சிக்கிய வலையை மீனவர் ஒருவர் தனியாக விடுவித்துக்கொண்டிருந்தார். தோண்டிய சேற்றை அந்தப் பக்கமாகவே கடலில் கொட்டவேண்டிய நேரம் அது. செல்வமேரி எந்திரத்தை நிறுத்தினாள்.

“உடனே ஓட்டலேன்னா உங்க வேலை போயிடும்மா,” என்றார் மேலதிகாரி, காதுக்கருவியில்.

“வலை போனா அவரு என்ன சார் பண்ணுவாரு? எடுத்துக்கட்டும்.”

அரைமணியில் வலை விடுபட்டது. அவர் ஆளில்லாத மேடையை அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார். செல்வமேரியும் கையசைத்தாள். திரை அணைந்தது; வேலை போய்விட்டது.

மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பிய கணவன் அறை வாசலில் நின்று, இன்னும் இறங்காத அவள் கையைப் பார்த்தான். “யாருக்குக் கை காட்டுற?”

“நம்ம ஆளு ஒருத்தருக்கு,” என்றாள்.