நாலாவது கரை

“அப்படின்னா உங்க சுத்தியலுக்கு இங்க வேலையே இல்லைன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார் எஸ்கில்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அலுவலகத்தின் சார்பில் ஓஸ்லோவிலிருந்து வந்திருந்தார். மெல்லத்தான் கேட்டார். ஆனால் ஊர்க்கூடத்தில் வாஃபிள் மென்றுகொண்டிருந்த அத்தனை வாயும் அப்படியே நின்றுவிட்டது.

அவர் கேட்டது கடல் ஆராய்ச்சி செய்யும் யோருனிடம். ஆறு வருட உழைப்பு. மலைகளுக்கு நடுவே நீண்டு புகுந்த கடலான இந்த ஃபியோர்டின் அடியில் இருந்த கடற்பாசிக் காட்டைக் கடல் முள்ளெலிகள் மேய்ந்து தீர்த்திருந்தன. உள்ளங்கையில் அடங்கும் பச்சை முள் உருண்டைதான் ஒவ்வொன்றும். கூட்டமாக வந்தால் ஒரு இலை மிஞ்சாது. காடு போனதும் காட் மீன் குஞ்சுகள் ஒதுங்க இடமில்லாமல் போயின. வலையில் அகப்பட்டவையும் ஈரலில் புழுவோடு, தலை மட்டும் பெருத்து, உடம்பு வற்றிக் கிடந்தன. யோருன் ஆட்களோடு முக்குளித்து மூன்று கரைகளில் முள்ளெலிகளைச் சுத்தியலால் அடித்து ஒழித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பதற்காக நாலாவது கரையைத் தொடாமல் விட்டாள்.

மூன்று கரையிலும் காடு வந்தது. பின்னாலேயே மீன் வந்தது, ஈரல் கொழுத்த, புழு இல்லாத மீன். முதல் மீனை அறுத்துப் பார்த்த அன்று யோருன் படகிலேயே உட்கார்ந்து அழுதாள். அதெல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சனியன் பிடித்த நாலாவது கரையிலும் காடு வந்துவிட்டது.

“மூணைச் சுத்தம் பண்ணீங்க, வளர்ந்துச்சு. ஒண்ணைத் தொடவே இல்ல, அதுவும் வளர்ந்துச்சு. அப்ப கடல் தன்னால தேறிக்கிச்சுன்னுதானே நான் எழுத முடியும்?” என்றார் எஸ்கில்.

“தன்னால தேறல. பக்கத்துப் பாறையெல்லாம் இன்னும் மொட்டையாத்தான் கிடக்கு. யாரோ அந்தக் கரையில மட்டும் இறங்கிச் சுத்தம் பண்ணியிருக்காங்க,” என்றாள் யோருன்.

“யாரு தாயி? இந்த ஊர்ல யாருக்கு அவ்வளவு வேலை இல்லாமப் போச்சு?”

குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. ஹால்வார். யோருனின் கூடப் பிறந்த அண்ணன்; மீன்பிடிப் படகு வைத்திருப்பவர். தங்கைக்குச் ‘சுத்தியல் டாக்டர்’ என்று பெயர் வைத்ததே அவர்தான். ஆறு வருடமாக ஒரு கூட்டம் விடாமல் வந்து, காப்பியும் குடித்து, கிண்டலும் செய்துவிட்டுப் போவார்.

“என் படகுக் கொட்டகை அங்கதான் இருக்கு,” என்று அவர் தொடர்ந்தார். “தினமும் அங்கதான் கிடக்கேன். வேற ஒருத்தரும் வந்து நான் பாக்கல.”

யோருனுக்கு ஆத்திரம் பொங்கியது. ஊரார் கேலி செய்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

“உங்க அண்ணனே சொல்லிட்டாரு,” என்றார் எஸ்கில். “யாராவது சுத்தம் பண்ணாங்கன்னு காட்டுங்க, உங்க ஆராய்ச்சி நாலு கரையிலும் சரின்னு இப்பவே கையெழுத்துப் போடுறேன். பணமும் தொடர்ந்து வரும். இல்லேன்னா இன்னிக்கோட மூடிக்க வேண்டியதுதான்.”

“மூடினா முள்ளெலி திரும்ப ஏறி வந்துடும். அந்தக் காடு வருஷா வருஷம் ஒரு நல்ல படகு சம்பாதிக்கிறதை இந்த ஊருக்குச் சம்பாதிச்சுக் குடுக்குது.”

“படகு மீன் புடிக்கும். உன் காடு சுத்தியல்தான் புடிக்கும்,” என்றார் ஹால்வார்.

கூடம் சிரித்தது. அவர் மனைவி குன்வோர் மட்டும் சிரிக்கவில்லை. “இந்தச் சூட்டுல கையுறை எதுக்கு? ஜாமெல்லாம் கம்பளியில ஒட்டுது பாருங்க,” என்று அவர் கையைத் தட்டினாள்.

“குளிருது,” என்றார் ஹால்வார்.

“கிழடு தட்டிடுச்சு,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

யோருன் தன் படங்களைச் சுருட்டத் தொடங்கினாள். எஸ்கில் மடிக்கணினியை மூடிவிட்டுக் கோட்டை மாட்டினார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் ஹால்வார். “இதை மூடிட்டா அந்த நாலாவது கரை என்ன ஆகும்?”

“அதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். தானா வளர்ந்தது, தானா பொழைச்சுக்கும்.”

“தானாவா?”

“தானாத்தான்.”

ஹால்வாரின் முகம் சிவந்தது. வாஃபிள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நேரே எஸ்கிலிடம் வந்தவர், கம்பளிக் கையுறைகளைப் பல்லால் கடித்து உருவி, பத்து விரல்களையும் அவர் முகத்துக்கு எதிரே விரித்தார். ஒவ்வொரு விரலிலும் பச்சை முட்கள் முறிந்து உள்ளே இறங்கி, சுற்றிலும் வீங்கியிருந்தது.

எஸ்கில் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பேனாவைத் தேடினார்.

“தானா வளர்ந்துச்சாம்ல,” என்றார் ஹால்வார். “இவகிட்ட போய்ச் சுத்தியல் கேக்க வெக்கமா இருந்துச்சுய்யா, ரெண்டு வருஷமா கையாலதான் பொறுக்கிக்கிட்டிருக்கேன்.”