கீழ் வீட்டு ஃபேன்

"ஏ சினேகா, கீழ் வீட்டுல இன்னிக்காவது ஃபேன் ஓடுதான்னு போன்ல பாரு."

"இல்லம்மா. காலையில கரண்ட் அடுப்பு கொஞ்ச நேரம் ஓடியிருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே ஓடல."

வேலுத்தாய்க்கு மண்டைக்குள் வண்டு குடையத் தொடங்கியது. சித்திரை மாதத்துச் சாத்தூர் வெயில். தெருநாய்கூடச் சாக்கடை ஓரம் தேடிப் படுத்துக் கிடந்தது. மொட்டை மாடியில் சோலார் தகடுகள் பகலெல்லாம் கரண்டைக் கொட்டுகின்றன. கீழே வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு அது இலவசம் வேறு. அப்படியிருந்தும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஃபேனும் போடாமல் ஒரு குடும்பம் கிடக்குமா?

பட்டாசுக் கம்பெனியில் வருடக்கணக்காக வெடிமருந்து அடைத்துச் சம்பாதித்து அவள் கட்டிய வீடு அது. இந்த வீட்டையும் மகள் சினேகாவையும் விட்டால் வேலுத்தாய்க்கு வேறு நாதியில்லை. சோலார் போட்டதும் கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மேலேயும் கீழேயும் சோறு பொங்குவதிலிருந்து வெந்நீர் வரை எல்லாம் கரண்ட்தான். எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்பதை மகளின் போன் புட்டுப் புட்டு வைத்துவிடும்.

பாலகுருவும் அவன் மனைவி பத்திரகாளியும் கீழ் வீடு கேட்டு வந்தபோது தண்ணீர் வருமா என்றுகூட விசாரிக்கவில்லை. "கேஸ் அடுப்பு கெடையாதுல்லக்கா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. காலத்துக்கு ஏற்ற பிள்ளை என்று அவளும் பூரித்துப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

இப்போது யோசித்தால் எல்லாமே இடித்தது. சொந்தபந்தம் என்று ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்த்ததில்லை. பத்திரகாளி வாசலுக்கு வந்தாலே தலையில் முக்காடு. வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு வீட்டுக்கும் சாம்பிராணி காட்டுவது வேலுத்தாயின் வழக்கம். அவள் இறங்கி வருவதற்குள் கீழ் வீட்டில் பூட்டுத் தொங்கும். காலையில்கூட பாலகுருவிடம் வாய்விட்டே கேட்டாள்.

"ஏன்ப்பா, இந்தப் புழுக்கத்துல ஃபேன் இல்லாம எப்படி இருக்கீக?"

"பழகிருச்சுக்கா" என்று சிரித்துவிட்டு, வண்டியில் அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பறந்துவிட்டான்.

"எனக்கு என்னமோ அதுக புருஷன் பொண்டாட்டியாத் தெரியல" என்றாள் மகளிடம். "எங்கிட்டோ இருந்து ஓடி வந்து ஒளிஞ்சு கெடக்குதுக. உள்ள ஆளே இல்லாத மாதிரி காட்டத்தான் ஃபேன்கூடப் போடல."

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்மா."

"நாளைக்கு நாலு பேரு அருவாளோட நம்ம வாசல்ல வந்து நிப்பான். அப்பத் தெரியும்."

அன்று வெள்ளிக்கிழமை. வழக்கமான நேரத்துக்கு வெகு முன்பே மாடியில் தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்தி, தூபக்காலில் கங்குகளை அள்ளிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினாள். அந்தக் கரண்ட் வீட்டில் நெருப்பு என்று மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான்.

கதவைத் தட்டினாள். உள்ளே எதையோ அவசரமாக நகர்த்தும் சத்தம். பிறகு பத்திரகாளி கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். உள்ளே ஒரே இருட்டு.

"என்னக்கா, இந்நேரம்?"

"சாம்பிராணி காட்டணும் தாயி. தள்ளிக்கோ."

தூபக்காலைக் கண்டதும் பத்திரகாளியின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, அத உள்ள கொண்டு வராதீகக்கா! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"ஏன், அப்படி என்னத்த மறைக்கீக? அவன் நெசமாவே ஒன் புருஷந்தானா?"

பத்திரகாளி முக்காட்டை மெல்ல விலக்கினாள். கன்னத்திலிருந்து தோள் வரை தோல் வெந்து சுருங்கிக் கிடந்தது.

"கம்பெனி வெடிச்சதுல இப்படி ஆயிட்டேன்க்கா. என் கூட உக்காந்து வேலை பாத்தவுக ஒருத்தரும் மிஞ்சல. கம்பெனியப் பூட்டி ஒரு வருசமாச்சு. இன்னமும் நெருப்பப் பாத்தா கை காலு ஒதறுது. காத்து பட்டாலே தோலு எரியுது, அதான் ஃபேன் போடுறதில்ல. இந்த மூஞ்சியப் பாத்துப் பிள்ளைக பயப்படுதேன்னு வெளிய வாரதுமில்ல."

வேலுத்தாய்க்குத் தன்னோடு கூட வேலை பார்த்த எத்தனையோ பேர் கண்முன் வந்து போனார்கள். சட்டென்று திரும்பி, நெருப்பு அந்தப் பெண்ணின் கண்ணில் படாதபடி தூபக்காலை ஜன்னலுக்கு அடியில் ஒதுக்கி வைத்தாள். திரும்ப வந்து, கதவிடுக்கில் கையை விட்டு அவளுடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சிரு தாயி. இனிமே ஒரு கேள்வி கேக்க மாட்டேன். எம்புட்டுக் காலம் வேணும்னாலும் இங்கனயே இரு."

"சரிக்கா" என்று கைகளை உருவிக்கொண்டு அவள் கதவைச் சாத்தினாள்.

மேலே வந்து மகளிடம் சொல்லச் சொல்ல வேலுத்தாய்க்கு அழுகை பொங்கியது. "நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டேனே! அந்தப் பிள்ளையப் போயி சந்தேகப்பட்டேனே!" என்று கன்னத்தைத் துடைத்தாள்.

"சரி, அழாத. அதென்னம்மா கன்னத்துல மினுங்குது?" என்றாள் சினேகா. "கையிலயும் இருக்கு பாரு."

வேலுத்தாய் உள்ளங்கையை விரித்தாள். வியர்வையில் குழைந்த வெள்ளிப் பொடி. விரலால் தேய்த்தாள், அப்பிக்கொண்டு பரவியது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாமல் அத்தனை வருடம் தன் கையில் ஒட்டிக் கிடந்த அதே பட்டாசு மருந்து. கம்பெனியைப் பூட்டி ஒரு வருடமாகிறது; இதுவோ பத்திரகாளியின் கையிலிருந்து ஒட்டிய, இன்றைக்குத் தொட்ட மருந்து. ஃபேன் போட்டால் இந்தப் பொடி வீடெல்லாம் பறந்துவிடும்; கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பட்டாசு செய்கிறார்கள்.

"ஆத்தாடி..." என்று எழுந்தவள் தன் இன்னொரு கையைப் பார்த்தாள். அதில் தூபக்கால் இல்லை. கங்கு கனன்றபடி, கீழ் வீட்டு ஜன்னலுக்கு அடியிலேயே இருந்தது.