வியர்க்காத ஓட்டம்

"ஓடிட்டு வர்ற மூஞ்சியா இது?"

காபி டம்ளரை நங்கென்று வைத்தாள் விஜயலக்ஷ்மி. கணவர் அனந்தகிருஷ்ணன் அவசரமாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"மாரத்தானுக்கு ட்ரெய்னிங்னு விடிகாலைல கிளம்பறேள். ஒரு சொட்டு வேர்வை இல்லை. யாரை ஏமாத்தறேள்?"

"இப்போ இதான் முறை, விஜி. வாட்ச்சைப் பார்க்கப்படாது. பேசிண்டே ஓட முடியணும். பேச்சு திணறினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

"பேசிண்டேவா? யாரோட?"

அவர் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அது போதாதா? விஜயலக்ஷ்மிக்குச் சந்தேகம் கிளம்பிவிட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு அப்புறம், ரிட்டையர் ஆன வயசில் இப்படி ஒரு கூத்தா?

தாணேயில் இருக்கும் மகள் ஷ்ருதிக்கு போன் போட்டு அழுதாள்.

"பின்னாடியே போய்ப் பாரும்மா," என்றாள் ஷ்ருதி. "போனை ஆன்லயே வெச்சுக்கோ, நானும் கேட்டுண்டே வரேன். என் பழைய ஷூ அங்கதான் இருக்கு, போட்டுக்கோ."

சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, தினம் நடங்கள் என்று டாக்டர் கெஞ்சியபோது, "முழங்கால் ஒத்துக்காது" என்று கறாராகச் சொன்னவள் இவள்தான். மறுநாள் விடியலில் மாதுங்கா தெருவில் புருஷன் பின்னால் ஓடினாள்.

"ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் திரும்பறார்டி," என்று போனில் ரகசியமாகச் சொன்னாள். அவள் ரகசியம் பேசினால் எதிர் பில்டிங்கில் ஜன்னல் திறக்கும்.

அன்று அங்கேயே மூச்சு வாங்கிப் பேச்சு நின்றுபோனது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, அவருக்கும் அப்போதுதான் ஷூ லேஸ் அவிழ்ந்தது. கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் தினமும் இதே வேட்டை.

"யாராவது வந்தாளாம்மா?"

"பால்காரன்தான் வந்தான்."

"விட்டுடாதே. இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளித்தான் சந்திப்பாளோ என்னவோ."

மனுஷர் மெதுவாகத்தான் ஓடினார், ஆனால் வாரத்துக்கு வாரம் தூரம் போனார். அவளும் விடவில்லை. அவரைத் திட்டினாள், மாமியாரைத் திட்டினாள், தேங்காய் விலையைத் திட்டினாள். எல்லாம் ஓடிக்கொண்டேதான். அந்த ஆத்திரத்தில் முழங்கால் ஞாபகமே வரவில்லை. சர்க்கரை இறங்கியிருப்பதைப் பார்த்து டாக்டர் ஆச்சரியப்பட்டபோது, "பாகற்காய் ஜூஸ்" என்று சாதித்துவிட்டாள்.

குளிர் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அனந்தகிருஷ்ணன் தாதரைத் தாண்டி சிவாஜி பார்க் வரைக்கும் போய்விட்டார். மைதானத்துக் கட்டைச் சுவரில், மஞ்சள் டீ-ஷர்ட்டில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நேரே போய் அவள் தோளைத் தட்டினார்.

விஜயலக்ஷ்மிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"மாட்டிண்டுட்டார்டி, ஷ்ருதி! சின்னப் பொண்ணுடி! உன் வயசுதான் இருக்கும்!"

மஞ்சள் டீ-ஷர்ட் திரும்பியது. காதில் போன்.

"என் வயசேதாம்மா," என்றாள் ஷ்ருதி.

விஜயலக்ஷ்மி வாயடைத்து நின்றாள். மாதுங்காவில் கிளம்பியதிலிருந்து அவள் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

"அப்பா, இவ்வளவு தூரமும் அம்மாவுக்குப் பேச்சு திணறவே இல்லை. பாஸ் பண்ணிட்டா!"

"எனக்கும் கேட்டுண்டுதானே இருந்தது. குரல் கொஞ்சம் இழுத்தாக்கூட நான் வேகத்தைக் குறைச்சுட்டேனே."

"அப்போ," விஜயலக்ஷ்மிக்குக் கோபமா அழுகையா என்றே தெரியவில்லை, "மாரத்தானுக்கு ட்ரெய்னிங்னு தினம் பொய் சொல்லிண்டு இருந்தேளா?"

அனந்தகிருஷ்ணன் குனிந்து, அவிழ்ந்து கிடந்த அவள் ஷூ லேஸைக் கட்டிவிட்டார்.

"ட்ரெய்னிங்தான் விஜி. யாருக்குன்னு நீ கேக்கவே இல்லையே."